62 சென்ட் பூங்கா: 48 லட்ச ரூபாய்ப் பட்டியல் 18 லட்ச ரூபாய் வேலையான விதம்

சேலம் மாநகரின் கிழக்குப் பகுதியில் ஒரு குடியிருப்புப் பூங்கா 2022 நவம்பரிலிருந்து 2025 தொடக்கம் வரை சீரமைக்கப்பட்ட கதை இது. சம்பந்தப்பட்டவர்களின் பெயரும் தெருவின் பெயரும் தவிர்க்கப்பட்டுள்ளன. இதே அளவுள்ள பூங்காவுக்குத் திட்டம் போடும் நலச்சங்கங்களுக்கும் வார்டுப் பிரதிநிதிகளுக்கும் பயன்படட்டும் என்று அளவுகளும் தொகைகளும் விவரமாகத் தரப்படுகின்றன.

பின்னணி

1980களில் ஊரமைப்பு அனுமதியோடு போடப்பட்ட மனைப்பிரிவு அது. விதிப்படி பத்தில் ஒரு பங்கு நிலம் பொது ஒதுக்கீடாக விடப்பட்டு, தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சியின் பெயருக்கு மாறியிருந்தது. 72 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். ஏறத்தாழ 62 சென்ட். மூன்று பக்கம் மதில், தெருவைப் பார்த்த 35 மீட்டர் முன்பக்கம் திறப்பு. உள்ளே வேம்பும் புங்கனுமாகப் பதினான்கு பெரிய மரங்கள், உடைந்த ஒரு சறுக்குமரம், கைப்பம்பு கழற்றப்பட்ட ஒரு பழைய போர்வெல்.

மனைப்பிரிவில் 110 வீடுகள். பின்பக்கத் தெருக்களில் எழுபது நெசவாளர் குடும்பங்கள். பெரும்பாலும் பட்டு வேட்டித் தறிகள். மனைப்பிரிவுக்காரர்களுக்குப் பூங்கா என்றால் காலை நடை. நெசவாளர்களுக்கு அது எதற்கு என்று முதலில் யாரும் கேட்கவில்லை.

2022 நவம்பர் 1 அன்று தமிழகம் முழுவதும் வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அங்கே குடியிருப்போர் சங்கம் இந்தப் பூங்காவைப் பற்றி மனு வைத்தது. கூட்டக் குறிப்பில் அது பதிவானது பின்னால் பெரிய உதவியாக இருந்தது. நிதி கேட்டு எங்கே போனாலும் “மக்கள் கேட்டார்களா” என்ற கேள்விக்குக் காட்ட ஒரு தாள் இருந்தது.

முதல் பட்டியல்

சங்கம் இரண்டே மாதத்தில் ஒரு விருப்பப் பட்டியல் தயாரித்தது: நடுவில் வட்ட நீரூற்று, சுற்றிலும் புல்தரை, திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகள் எட்டு, குழந்தைகள் பகுதிக்கு ரப்பர் தளம், நுழைவாயில் வளைவு, அலங்கார விளக்குகள், கழிப்பறை. நீரூற்றுக்கு மட்டும் ஆறரை லட்சம் தர உள்ளூர் வணிகர் ஒருவர் முன்வந்திருந்தார். பட்டியலின் மொத்த மதிப்பீடு 48 லட்சம்.

நிதிக்கு வழிகள் ஒவ்வொன்றாகப் பார்க்கப்பட்டன. 2015இல் தொடங்கிய அம்ருத் என்ற மத்திய அரசின் நகர மேம்பாட்டுத் திட்டத்தில் பூங்காக்களுக்கென 2.5 விழுக்காடு வரை ஒதுக்கலாம் என்று இருந்தது. ஆனால் அது நகரம் தழுவிய திட்டப் பட்டியலுக்குள் வரவேண்டியது, ஒரு தெருப் பூங்கா தனியாகப் போய்க் கேட்கக்கூடியதல்ல. 15ஆவது நிதிக்குழு மானியத்தில் பெரும்பகுதி குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைக்கப்பட்டது. சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி நிலையான சொத்து உருவாக்கத்துக்கு மட்டும். அங்கே வரிசையும் நீளம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்கீழ் குறிப்பிட்ட அளவு சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள கம்பெனிகளுக்கே கட்டாயம். வணிகரின் தொழில் அந்த அளவுக்கு வராது. அவர் தருவது சொந்த விருப்பத்தில் தரும் நன்கொடைதான்.

மீதமிருந்தது நமக்கு நாமே திட்டம். மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு தரும். 48 லட்சத்துக்கு மக்கள் பங்கு 16 லட்சம். சங்கத்தால் திரட்ட முடியும் என்று நம்பத்தகுந்த தொகை 6 லட்சம். அப்படியானால் வேலையின் மொத்த அளவு 18 லட்சம். எதை விடுவது என்பதைக் கூட்டத்தில் கைதூக்கி முடிவு செய்யாமல், பூங்காவை முதலில் கவனிப்பது என்று தீர்மானித்தார்கள். இந்தப் பணியில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு அதுவே.

கவனித்தவை

2023 ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு வாரம், ஞாயிறுகள் உட்பட, காலை 5.30 முதல் இரவு 8 வரை நேரம் பிரித்து ஆள் எண்ணினார்கள். ஒரு தாளில் நான்கு கட்டம்: ஆண், பெண், குழந்தை, முதியவர், பக்கத்தில் “என்ன செய்கிறார், எந்த இடத்தில்” என்று ஒரு வரி.

அப்போதுதான் கிழக்கு மதிலோரம் தெரிந்தது. விடியற்காலையில் நெசவாளர் குடும்பங்கள் அங்கே பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், நீட்டுகிறார்கள். பாவுக்கு நேரான, நீளமான, நிழல் விழும் இடம் வேண்டும். தெருவில் வண்டிகள் பெருகிய பிறகு அந்த 72 மீட்டர் மதிலோரம்தான் அவர்களுக்கு மிஞ்சியது. முதல் வரைபடத்தில் அந்த இடத்தில் உடற்பயிற்சிக் கருவிகள் இருந்தன. “அந்தச் செவுத்தோரம் மட்டும் விட்டுருங்க கண்ணு, பாவு நீட்ட வேற எடமில்ல” என்று ஒரு மூதாட்டி சொன்னது கணக்கெடுப்புத் தாளில் அப்படியே எழுதப்பட்டிருக்கிறது. ஆள் எண்ணாமல் வரைபடம் போட்டிருந்தால் எழுபது குடும்பங்களின் வேலையிடம் பூங்கா மேம்பாடு என்ற பெயரில் போயிருக்கும்.

மாலை ஆறு மணிக்கு மேல் பெண்கள் ஒருவர் இருவர்தான் வந்தார்கள். காரணம் இருட்டு மட்டுமில்லை. முன்பக்கம் திறந்து கிடந்ததால் வண்டிகள் உள்ளே வந்து நின்றன. தென்மேற்கு மூலையில் சேறு.

அந்தச் சேற்றின் காரணத்தைக் கண்டுபிடிக்க டியூப் லெவல் போதுமாக இருந்தது. தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயை இரண்டு இடங்களில் பிடித்து மட்டம் பார்ப்பது. எந்தக் கொத்தனாரும் செய்வார். பூங்காவின் தரை, சாலையைவிட 40 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. பூங்கா தாழவில்லை, பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே மறுபடி மறுபடி போட்டதால் சாலை உயர்ந்துவிட்டது. மழை பெய்தால் தெருத் தண்ணீரும் உள்ளே இறங்கும். தென்மேற்கு மூலை இன்னும் 25 சென்டிமீட்டர் பள்ளம். ஐப்பசி மழைக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் வரை அங்கே தண்ணீர் நின்றது.

பழைய போர்வெல்லில் தண்ணீர் இருந்தது, ஆனால் உப்பு. குழாய் வாயில் வெள்ளைப் படிவம் ஒரு வாரத்தில் கட்டிவிடும்.

முடிவுகளும் காரணங்களும்

மண் கொட்டி மட்டம் உயர்த்துவதில்லை. முதலில் எல்லோரும் சொன்ன யோசனை அதுதான். 2,500 சதுர மீட்டருக்கு 40 சென்டிமீட்டர் என்றால் ஆயிரம் கன மீட்டர். மிதித்து இறுகும் அளவையும் சேர்த்தால், டிப்பருக்குப் பத்து கன மீட்டர் வீதம் 125 நடை. செலவைவிடப் பெரிய நட்டம் மரங்களுக்கு. வேம்பின் உறிஞ்சு வேர்கள் பெரும்பாலும் மேல் அரை மீட்டர் மண்ணில்தான் இருக்கும். அதன்மேல் 40 சென்டிமீட்டர் மண் ஏறினால் காற்று போகாமல் வேர் அழுகும், அடித்தண்டு புழுங்கும். இரண்டு மூன்று ஆண்டில் மரம் காய்ந்தபின் காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

அதற்குப் பதில், பள்ளமான மூலையையே மழைநீர்ப் பள்ளமாக வெட்டுவது என்று முடிவானது. கணக்கு இப்படி: ஒரே மூச்சில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் பூங்காவில் விழுவது 125 கன மீட்டர். மண் குடித்தது போக 40 விழுக்காடு ஓடிவரும் என்று வைத்தால் 50 கன மீட்டர். 120 சதுர மீட்டர் பரப்பில் 45 சென்டிமீட்டர் ஆழப் பள்ளம் 54 கன மீட்டர் பிடிக்கும். மண் குடிக்கும் வேகத்தைப் பார்க்க 60 சென்டிமீட்டர் குழி வெட்டி, முதல் நாள் நீர் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் நிரப்பி அளந்தார்கள்: மணிக்கு 2 சென்டிமீட்டர் இறங்கியது. வண்டல் படிந்து வேகம் பாதியானாலும் 45 மணி நேரத்தில் வடியும். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமாவது ஆகும் என்பதால் மூன்று நாளுக்குள் வடிந்தால் போதும். பள்ளத்துக்குள் 1.2 மீட்டர் விட்டம், 3 மீட்டர் ஆழத்தில் இரண்டு உறிஞ்சு குழிகள். அடியில் 40 மில்லிமீட்டர் ஜல்லி, மேலே 20 மில்லிமீட்டர், அதற்கும் மேல் மணல். செம்மண்ணுக்குக் கீழே சிதைந்த பாறை வரும் சேலத்து நிலத்தில் மூன்று மீட்டருக்குக் கீழே குழி வெட்டும் கூலி ஏறிக்கொண்டே போகும்; அதனால் அத்தோடு நிறுத்தினார்கள். மிகுதி நீர் தெருவோர வடிகாலுக்குப் போக ஆறு அங்குலக் குழாய்.

நுழைவாயிலில் தெருத் தண்ணீரைத் தடுக்கப் பத்து சென்டிமீட்டர் மேடு. அந்த மேட்டிலிருந்து பூங்காத் தரைக்கு அரை மீட்டர் இறக்கம். சக்கர நாற்காலி பாதுகாப்பாக ஏறி இறங்க 1:12 சரிவு வேண்டும். எனவே சாய்தளம் 6 மீட்டர் நீளம், இரு பக்கமும் கைப்பிடி.

நீரூற்று வேண்டாம் என்பதுதான் மனவருத்தம் தந்த முடிவு. உப்புத் தண்ணீரில் நீரூற்றின் மூக்குத்துளைகள் சில வாரத்தில் அடைபடும். 30 சதுர மீட்டர் தொட்டியில் கோடையில் நாளுக்கு 240 லிட்டர் ஆவியாகும். ஆவியாக ஆவியாக மிஞ்சும் நீரில் உப்பு கூடும். மோட்டார், மின்சாரம், பாசி வழிக்க ஆள். நகரின் எத்தனையோ பூங்காக்களில் நீரூற்றுத் தொட்டி குப்பைத்தொட்டியாகக் கிடப்பதற்கு அலட்சியம் காரணமல்ல. அதன் மாதச் செலவை யாரும் எழுதி வைக்காததுதான் காரணம். புல்தரையும் இதே கணக்கில் போனது. 800 சதுர மீட்டருக்கு, சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம், தினம் 4,000 லிட்டர். நாற்பது மரக்கன்றுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 20 லிட்டர் என்றால் தினம் 400 லிட்டரில் முடியும்.

எனவே சங்கம் ஒரு தனித்தாளில் மாதச் செலவை எழுதியது: பணியாளர் ஒருவருக்கு 14,000, மின்சாரம் 2,500, கருவி, எரு, கன்று 1,500, பழுதுபார்ப்புக்கு ஒதுக்குவது 4,000. மொத்தம் 22,000, ஆண்டுக்கு 2 லட்சத்து 64 ஆயிரம். எந்தத் திட்ட நிதியும் இதைத் தராது. வணிகரிடம் இந்தத் தாளைக் காட்டி, ஆறரை லட்சத்தை நீரூற்றில் போடாமல் ஒன்றரை லட்சத்தைப் பணிக்கும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் ஐந்தாண்டு பராமரிப்புக்கும் தரக் கேட்டார்கள். அவர் ஒரு வாரம் யோசித்துச் சம்மதித்தார். மின்கட்டணம் உள்ளாட்சியின் இணைப்பில். மீதிக்கு 110 வீடுகளும் மாதம் 100 ரூபாய்.

பாவு நீட்டும் ஓரத்துக்கு வரைபடத்தில் தனி அடையாளம் போட்டார்கள். மதிலிலிருந்து 2.5 மீட்டர் வெறும் மண். அதில் விளக்குக் கம்பம் இல்லை, பெஞ்சு இல்லை. இரு முனையிலும் கயிறு கட்ட இரும்பு வளையம் பதித்த கல். நடைபாதை அந்தப் பக்கம் வளையாமல் நேராகப் போகும்.

பங்குத்தொகை

2023 ஜூனிலிருந்து செப்டம்பர் வரை திரட்டினார்கள். மனைப்பிரிவு வீடுகள் 3,000 ரூபாய் வீதம் 3 லட்சத்து 30 ஆயிரம். நெசவாளர் வீடுகள் 500 வீதம் 35 ஆயிரம். கடைகள் 85 ஆயிரம். வணிகர் ஒன்றரை லட்சம். சரியாக 6 லட்சம். தொகையைப் பொருட்படுத்தாமல் எல்லாப் பெயரும் ஒரே எழுத்தளவில், அகரவரிசையில், ஒரே பலகையில் என்று முன்பே சொல்லிவிட்டதால் பெயர்ப்பலகைச் சண்டை வரவில்லை. நெசவாளர்கள் 500 கொடுத்தது கணக்கில் சிறியது. ஆனால் அதன்பிறகு கூட்டங்களில் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார்கள்.

பணம் கட்டுமுன் தானப்பத்திர நகல், வில்லங்கச் சான்று, புல வரைபடம் மூன்றையும் எடுத்து சர்வேயரை வைத்து அளந்தார்கள். ஒரு வீட்டின் துவைக்கல்லும் படியும் மூன்றடி உள்ளே இருந்தன. ஆர்டர் வந்தபிறகு தெரிந்திருந்தால் வேலை நின்றிருக்கும்; முன்பே தெரிந்ததால் பேசி எடுத்துக்கொண்டார்கள்.

18 லட்சம், வரி உட்பட, இப்படிப் பிரிந்தது: நடைபாதை 190 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், கெர்ப் கல்லோடு (ஓரக்கல்) 4.2 லட்சம், முன்பக்க அடிச்சுவரும் கிரில்லும் சாய்தளமும் 3.2, பத்து விளக்குக் கம்பம், கேபிள், பேனல் 2.7, மழைநீர்ப் பள்ளம், குழிகள், குழாய் 2.6, ஊஞ்சலும் சறுக்கும் மணல்தளமும் 1.6, போர்வெல் தூர்வாரி மோட்டார், தொட்டி, குழாய்கள் 1.5, பெஞ்சு எட்டு 0.6, கன்றும் எருவும் 0.6, எதிர்பாராச் செலவு 1 லட்சம். கழிப்பறை பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

பணி நடந்தபோது

நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், டெண்டர், ஒப்பந்தம் என்று போய் 2024 பிப்ரவரி தொடக்கத்தில் ஒர்க் ஆர்டர் வந்தது. மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. தொடங்கிவிட்ட வேலை தொடரலாம் என்பதால் பூங்கா நிற்கவில்லை. ஆனால் கூடுதல் வேலைக்கோ மாற்றத்துக்கோ ஜூன் வரை ஒப்புதல் கிடைக்கவில்லை.

மூன்று தவறுகள் நடந்தன. முதலாவது, நடைபாதைக்குத் தோண்டியபோது ஒரு வேம்பின் தடித்த பக்கவேரைப் பொக்லைன் அறுத்தது. அதே ஆண்டு மே மாதக் கோடைமழைக் காற்றில் அந்த மரம் சாய்ந்தது. பேவர் பிளாக்குக்குக் கீழே 15 சென்டிமீட்டர் கிராவல், 3 சென்டிமீட்டர் மணல், 6 சென்டிமீட்டர் கல் என்று ஏறத்தாழ கால் மீட்டர் தோண்ட வேண்டும். அந்த ஆழம் வேர்களின் நடு ஆழம். மரத்துக்கு இரண்டு மீட்டருக்குள் கடப்பாரையும் மண்வெட்டியும் மட்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மேஸ்திரியைக் கேட்க முடிந்திருக்கும். வாய்வார்த்தையாகச் சொன்னது நிற்கவில்லை.

இரண்டாவது, நிதியாண்டு முடிவுக்குள் பில் போட வேண்டும் என்று மார்ச் மூன்றாம் வாரம் நாற்பது கன்றுகளும் நடப்பட்டன. அந்த ஏப்ரலில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. பதினேழு கன்றுகள்தான் பிழைத்தன.

மூன்றாவது, விளக்குக் கேபிள் சில இடங்களில் போதிய ஆழமில்லாமல் பதிக்கப்பட்டது. கொத்தும்போது மண்வெட்டி பட்டு இருமுறை அறுந்தது. மண் மூடுவதற்கு முன் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் டேப் வைத்துப் படம் எடுத்திருக்க வேண்டும்.

மணல்தளத்தில் ஒரு தவறு கடைசி நேரத்தில் தடுக்கப்பட்டது. விலை குறைவு என்று எம்.சாண்ட் இறக்கினார்கள். அது கோணல்மாணலான துகள். தூசியும் சேர்ந்து நாலு மழையில் சிமென்ட் தரைபோல் இறுகும், விழும் குழந்தைக்குத் தாங்காது. திருப்பி அனுப்பி, உருண்டைத் துகளுள்ள சலித்த மணலை 30 சென்டிமீட்டர் போட்டார்கள். ஊஞ்சலின் மேல்கம்பி 2.1 மீட்டர் உயரம். முன்னும் பின்னும் அதைப்போல் இருமடங்கு, 4.2 மீட்டர், மணல் விடப்பட்டது.

பிறகு நடந்தது

2024 ஜூன் கடைசியில் பூங்கா திறக்கப்பட்டது. மாலை விளக்கு எரியத் தொடங்கிய முதல் மாதத்திலேயே ஆறு மணிக்கு மேல் வருபவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்று மறுகணக்கெடுப்பில் தெரிந்தது. பாவு வழக்கம்போல் நீட்டப்படுகிறது.

பள்ளத்துக்குப் பெரிய சோதனை ஃபெஞ்சல் புயல். 2024 டிசம்பர் தொடக்கத்தில் சேர்வராயன் மலையில் கொட்டிய மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது, திருமணிமுத்தாற்றில் வெள்ளம் ஓடியது. பூங்காப் பள்ளம் 50 மில்லிமீட்டருக்குப் போட்டது. நிரம்பி வழிந்ததில் வியப்பில்லை. பிரச்சினை வேறு: தெரு வடிகாலும் நிரம்பியதால் மிகுதிநீர்க் குழாய் வழியே சாக்கடை கலந்த நீர் எதிர்த்து உள்ளே வந்தது. குழாயின் வாயில் ஒருவழி மூடி வைக்கவில்லை. பதினெட்டு லட்ச வேலையில் சில ஆயிரம் ரூபாய்ப் பொருள். தண்ணீர் வடிய மூன்று நாளுக்குப் பதில் ஐந்து நாள் ஆனது. மேல்மணலில் படிந்த கறுப்பு வண்டலைச் சுரண்டி எடுத்துப் புது மணல் போட வேண்டியதாயிற்று.

மாதச் சந்தா முதல் ஆறு மாதம் ஒழுங்காக வந்தது. பிறகு எழுபது எண்பது வீடுகள்தான். பணியாளர் சம்பளம் தடைபடவில்லை, ஆனால் பழுதுபார்ப்பு ஒதுக்கீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். இப்போதைக்கு அது தெரியாது. விளக்குகளுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற சிறு கருவிகள் பழுதாகத் தொடங்கும் மூன்றாம், நான்காம் ஆண்டில் தெரியும்.

வாயிலில் இருசக்கர வண்டி நுழையாமல் முதலில் சுழல் கம்பி போட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போகமுடியவில்லை. அதை எடுத்து 90 சென்டிமீட்டர் இடைவெளியில் கம்பங்கள் நட்டார்கள். அதில் வண்டியும் நுழையும். பணியாளர் இருக்கும் நேரத்தில் தடுக்கிறார், இல்லாத நேரத்தில் சில சமயம் வருகிறது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நாற்காலிக்காரருக்கு வழிவிட்டதே சரி.

மறுபடி செய்தால் மாற்றுபவை

கழிப்பறையைப் பட்டியலிலிருந்து நீக்கியது தவறு. சுத்தம் செய்ய ஆள் இல்லை என்ற காரணம் உண்மைதான், ஆனால் கணக்கெடுப்புத் தாளிலேயே விடை இருந்தது: பாவு வேலைக்கு வந்த பெண்கள் நான்கு மணி நேரம் அங்கேயே நிற்கிறார்கள், முதியவர்கள் முக்கால் மணி நேரத்தில் எழுந்து போய்விடுகிறார்கள். பாதாள சாக்கடை ஆள்நுழைகுழி வாயிலிலிருந்து 12 மீட்டரில்தான் இருக்கிறது. முன்பக்க கிரில்லை எளிமையாக்கி, பெஞ்சு நான்காகக் குறைத்திருந்தால் கைப்பிடியோடு ஒரு கழிப்பறைக்கு இடம் கிடைத்திருக்கும்.

கன்று நடுதலைக் கட்டுமான ஒப்பந்தத்திலிருந்து பிரித்து, ஆடி ஆவணியில் நடும் தனி வேலையாக வைக்க வேண்டும். நட்ட அன்று பணம் தராமல், ஓராண்டு கழித்து உயிரோடிருக்கும் கன்றை எண்ணித் தர வேண்டும். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (குறைகளை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடிவதற்கு ஒரு மாதம் முன்பே பேவர், கேபிள், கைப்பிடி எல்லாவற்றையும் நடந்து பார்த்து எழுத்தில் தர வேண்டும். இங்கே கெர்ப் கல்லுக்குப் பின்னால் கான்கிரீட் போடாத எட்டு மீட்டரில் பேவர் விலகியது அப்படித்தான் சரிசெய்யப்பட்டது.

ஒருவழி மூடி 2025 ஜனவரியில் பொருத்தப்பட்டது. கழிப்பறைக்கான மதிப்பீடு, அதன் மாதச் செலவுத் தாளோடு சேர்த்து, பகுதி சபையில் வைக்கத் தயாராகியிருக்கிறது.